அட்டை பிடிக்க ஓர் அட்டை

டார்வினில் புளியமரம் நிற்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு யூலை மாதம், வேலை விஷயமாக நான்கு நாள் அங்கே போகவேண்டியிருந்தது. மெல்பேர்னில் விறைக்கும் குளிர். அங்கேயோ சாரத்தோடு முற்றத்தில் குந்தியிருக்கலாம் போன்ற வெயில். கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது காலடியில் ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தால் புளியம்பழக் கோது. கூட வந்த வெள்ளைக்காரச் சகபாடி, இந்த வடகரை நெடுகிலும் இப்படி மரங்கள் நிற்பதாகவும், அந்தக் காலத்தில் மக்காசாரிலிருந்து வந்தவர்கள் தின்றுவிட்டுத் துப்பிய கொட்டையில் முளைத்தவைதான் அவற்றின் முதல் மரங்கள் என்றும் சொன்னார். எதற்கு வந்தார்கள் என்று கேட்டேன். 'ட்ரெப்பாங்' என்றார். சொல் எனக்குப் புதிது.

மறுநாள் நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது விளங்கியது. 1839 இல் பிரெஞ்சுக் கப்பலொன்றில் வந்த லூயி லு பிரெத்தோன் என்ற ஓவியர் ராஃபிள்ஸ் குடாவில் வரைந்த படம். கரையில் பெரிய கொப்பரைகள், அடியில் தீ, சுற்றிவர ஆட்கள். நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்: இது எங்கட அட்டை வாடியல்லோ!

மன்னாரில் அட்டை என்றால் கடலட்டைதான். அப்பா பேசாலைக்கு அந்தப் பக்கம் வாடி போட்டு அட்டை பிடித்தவர். பிடித்து வந்ததைக் கீறிக் குடலை எடுத்து, கடல்தண்ணீரில் அவித்து, ஈரமணலில் ஓரிரவு புதைத்துவைப்பார்கள். காலையில் கிளறியெடுத்துக் கடகத்தில் போட்டுக் காலால் மிதிப்பார்கள். தோலில் இருக்கும் சுண்ணாம்புப் படை கழர வேண்டும். கழராவிட்டால் விலை போகாது. மிதிப்பது பெரும்பாலும் சிறுவர்களின் வேலை. என் குதிக்கால்களுக்கு அந்த வழுவழுப்பு இன்னும் ஞாபகம். பிறகு இன்னொரு அவியல், பிறகு வெயில். உயிரோடு ஒரு முழம் நீளம் இருந்தது காய்ந்தபின் ஒரு விரலளவாகச் சுருங்கிவிடும். அதை ஊரில் ஒருவரும் தின்று நான் காணவில்லை. கொழும்பு முதலாளி எடுத்துப்போவார். அங்கிருந்து சிங்கப்பூர், ஹொங்கொங். சீனர்கள் கடலின் ஜின்செங் என்று பெயர் வைத்திருக்கும் மருந்துச் சாப்பாடு அது.

தொண்ணூறுகளின் முதற்பாதியில் கடலுக்கு இறங்க பாஸ் வேண்டும். விடியக் காவலரணில் அடையாள அட்டையைக் கொடுத்து, பெயரும் வள்ளத்தின் இலக்கமும் எழுதிய பாஸைக் காட்டிவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளலாம். பின்னேரம் நான்கு மணிக்குள் கரையேற வேண்டும். அட்டை பிடிக்கிற வேலை சூரியனுக்கும் நீரோட்டத்துக்கும் கட்டுப்பட்டது, நான்கு மணிக்கு அல்ல. ஒருநாள் எஞ்சின் நின்று அப்பாவின் வள்ளம் இருட்டிய பிறகு வந்தது. இரண்டு நாள் அவர் வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றடியில் நெடுநேரம் குளித்தார். வாடியில் ஒரு பகிடி ஓடும்: அட்டை பிடிக்க ஓர் அட்டை, அந்த அட்டைக்கு இன்னோர் அட்டை. சிரிப்பார்கள். எனக்கும் அது அப்போது பகிடியாகத்தான் இருந்தது.

டார்வினிலிருந்து திரும்பிய பிறகு இந்த அட்டைகளின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். நான் வரலாற்றாசிரியன் அல்ல. கணக்கு வேலை பார்ப்பவன். ஆனால் பத்திரங்களை வாசிக்கத் தெரியும்.

இந்துமாகடலில் கப்பலுக்குக் கடதாசி கேட்கும் வழக்கத்தை முறைப்படுத்தியவர்கள் போர்த்துக்கேயர். பதினாறாம் நூற்றாண்டில் அவர்களிடம் 'கர்த்தாஸ்' என்ற சீட்டு வாங்காத வணிகக் கப்பலை அவர்கள் பிடிக்கலாம், எரிக்கலாம். அந்தச் சொல்லின் வேர் அரபியின் கிர்தாஸ், அதாவது தாள். நாங்கள் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தாளைக் கடதாசி என்கிறோமே, அது இந்தக் கர்த்தாஸிலிருந்து வந்தது என்பார் பலர். ஒல்லாந்துச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எது சரியென்றாலும் அந்தச் சொல்லை எங்கள் கரைக்குக் கொண்டுவந்தவர் கடலுக்குச் சீட்டுக் கொடுத்தவர்தான். ஒல்லாந்தரும் சும்மா இருக்கவில்லை. மன்னார்க் குடாவில் முத்தும் சங்கும் அவர்கள் கும்பனியின் சொத்தாயின. 1669 இல் மக்காசாரையும் முழுதாகப் பிடித்தபின் அங்கிருந்து புறப்படும் ஒவ்வொரு பாய்க்கப்பலும் அவர்களிடம் பாஸ் எடுக்கவேண்டியதாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் மக்காசார்த் துறைமுகப் பதிவேடுகளில் கடலட்டை மூட்டைகள் வரிசையாக வருவது அதனால்தான். சீட்டுக் கொடுத்தவன் கணக்கெழுதிவைத்தான். நாம் இன்றைக்கு வாசிக்கிறோம்.

அந்த மக்காசார்காரர் டிசம்பரில் மேல்காற்றோடு புறப்பட்டு அவுஸ்திரேலியாவின் வடகரைக்கு வருவார்கள். 'மரெகே' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். நாலைந்து மாதம் வாடியடித்து அவித்துப் புகைபோட்டு, காற்று மாறியதும் திரும்புவார்கள். 1803 பெப்ரவரியில் மத்தியூ ஃபிளிண்டர்ஸ் இந்தக் கண்டத்தைச் சுற்றி வரைபடம் எழுதிக்கொண்டு வந்தபோது ஆர்ன்ஹெம் கரைக்கு அப்பால் ஆறு பாய்க்கப்பல்களைக் கண்டார். பயந்து பீரங்கிகளைத் தயார்ப்படுத்தினார். தலைவர் போபாசு என்ற முதியவர். ஃபிளிண்டர்ஸின் மலாய்ச் சமையற்காரர் மொழிபெயர்க்க, அறுபது கப்பல்களும் ஆயிரம் ஆட்களும் இந்தக் கரைக்கு வந்திருப்பதாக அவர் சொன்னார். கடந்த இருபது வருடத்தில் தானே ஆறேழு தடவை வந்திருப்பதாகவும் சொன்னார். கண்டத்தைக் கண்டுபிடிக்க வந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! இதில் நான் கவனித்தது வேறொன்று. போபாசு அந்தக் கரையில் இறங்க எந்த ஐரோப்பியனிடமும் கடதாசி வாங்கவில்லை. அவர் பேசவேண்டியிருந்தது கரையின் சொந்தக்காரரான யோல்ங்கு மக்களோடு. அரிசியும் துணியும் புகையிலையும் இரும்பும் கொடுத்தார்கள். சண்டையும் நடந்தது, கல்யாணமும் நடந்தது. யோல்ங்கு மொழியில் காசுக்கு இன்றைக்கும் ருப்பியா என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளைக்காரனுக்குப் பெயர் பலண்டா. நாங்கள் ஒல்லாந்தர் என்று சொன்ன அதே ஆட்கள், அதே பெயர், இன்னொரு வாயில்.

எண்பது வருடத்துக்குள் நிலைமை மாறியது. வடபிரதேசத்தை அப்போது ஆண்ட தென் அவுஸ்திரேலிய அரசாங்கம் 1882 இல் சுங்க அதிகாரியாக அல்ஃப்ரெட் சேர்ஸி என்பவரை டார்வினுக்கு அனுப்பியது. மக்காசார்காரர் கொண்டுவரும் அரிசிக்கும் சாராயத்துக்கும் தீர்வை. அட்டை பிடிக்க அனுமதிப்பத்திரம். அதை வசூலிக்கக் கரையில் ஓர் ஆள் வேண்டுமே. எட்வர்ட் ஒஸ்வின் ரொபின்சன் என்பவர் அந்த வேலையைப் பார்த்தார். அவரே அங்கு அட்டைத் தொழில் நடத்தியவர்! போட்டிக்காரனிடம் போய்ப் பத்திரம் எடுக்க வேண்டும். இதை வாசித்தபோது அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "உது புதினமே? எங்கட முதலாளிதானே சங்கத்துக்கும் தலைவர்" என்றார்.

1901 இல் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. வெள்ளை அவுஸ்திரேலியா என்று நாம் அறிந்த கொள்கை. 1906 இல் மக்காசார்க் கப்பல்களுக்கு இனிப் பத்திரம் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். கடைசியாகப் பத்திரம் பெற்று வந்தவர் உசெய்ன் டாயெங் ரங்கா. 1907 இல் அவருடைய கப்பல் திரும்பிப் போனதோடு அந்த நீண்ட வணிகம் முடிந்தது. அட்டை குறைந்துவிட்டது என்பது அங்கே காரணமாக இருக்கவில்லை. வருகிறவனின் நிறமும் தேசமும்தான் பிரச்சினை. ரங்காவுக்கு ஆர்ன்ஹெம் கரையில் ஒரு குடும்பம் இருந்தது. 1980களில் யோல்ங்கு ஆட்கள் மக்காசாருக்குப் போய் அவருடைய வழித்தோன்றல்களைக் கண்டு அழுதார்களாம்.

அதே காலத்தில் எங்கள் பக்கம் என்ன நடந்தது? இலங்கையில் 1890 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சங்குக் கட்டளைச் சட்டம். பெயர்தான் சங்கு, கடலட்டை, பவளம், சிப்பி எல்லாம் அதற்குள் வருகின்றன, மன்னார்க் கடலின் எல்லைகளும் அளந்து குறிக்கப்படுகின்றன. எதிர்க்கரையில் இன்னும் சுவாரசியம். சேதுபதி குத்தகைக்குக் கொடுத்த பாக்குநீரிணைச் சங்குப் படுகையில் சங்கு எடுத்த சிலர்மேல் திருட்டு வழக்கு வந்தது. அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல் என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு. கரையிலிருந்து சுமார் ஐந்து மைல் தூரத்தில், கடலுக்கு அடியில் கிடக்கும் உயிருள்ள சங்கு ஒருவனுக்குச் சொத்தாகுமா, அதை எடுத்தால் திருட்டாகுமா என்பது கேள்வி. ஆகும் என்று 1904 இல் வெளியான தீர்ப்பில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. முத்துப்பயல் என்ற பெயரைப் பாருங்கள். சட்டப் புத்தகத்தில் எங்கள் சுழியோடிகள் இடம்பிடித்தது இப்படித்தான்.

இவ்வளவு காலமும் பத்திரம் கேட்டவன் தனக்காகக் கேட்டான்: வரிக்காக, குத்தகைக்காக, நிறத்துக்காக. எங்கள் காலத்தில் பாதுகாப்புக்காக என்றார்கள். அட்டையின் பெயரால் பத்திரம் கேட்கும் காலம் 1973 மார்ச் 3 இல், வாஷிங்டனில் தொடங்கியது. அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் சர்வதேச வணிகம் பற்றிய சமவாயம், சுருக்கமாக சைட்டிஸ். 1975 யூலையில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976 இலும் இலங்கை 1979 இலும் சேர்ந்தன. முதலாவது பின்னிணைப்பில் உள்ளவற்றில் வணிகம் ஏறத்தாழ முடியாது. இரண்டாவதில் உள்ளவற்றைப் பத்திரத்தோடு விற்கலாம். மூன்றாவது, ஒரு நாடு தன் எல்லைக்குள் காக்கும் உயிருக்கு மற்ற நாடுகளின் உதவியைக் கேட்பது. கலப்பகோஸ் தீவுகளில் அட்டைக்காரருக்கும் காவலருக்கும் பல வருடம் அடிபிடி நடந்தபின் எக்குவடோர் 2003 இல் தன் கடலட்டை இனமொன்றை அப்படி மூன்றாவதில் போட்டது. மற்ற நாடுகள் 2002 இல் சந்தியாகோவில் பேசின, 2004 இல் கோலாலம்பூரில் நிபுணர்களைக் கூட்டின, பேசிக்கொண்டே இருந்தன.

பதினைந்து வருடம் கழித்து முடிவு வருவதாக இருந்த இடம் கொழும்பு. சைட்டிஸின் பதினெட்டாவது மாநாடு 2019 மே மாதம் அங்கே நடக்க ஏற்பாடாகியிருந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தது. மாநாட்டை ஜெனீவாவுக்கு மாற்றி ஓகஸ்டில் நடத்தினார்கள். அங்கேதான் வயிற்றோரம் காம்புபோலப் புடைத்திருக்கும் மூன்று அட்டை இனங்கள் இரண்டாவது பின்னிணைப்பில் ஏறின. அவற்றில் வெள்ளை இனம் எங்கள் கடலிலும் உண்டு. பன்னிரண்டு மாத அவகாசம் கொடுத்து 2020 ஓகஸ்ட் 28 முதல் சட்டமாயிற்று. மன்னார்க்காரன் பிடிக்கும் அட்டையின் தலையெழுத்தைக் கொழும்பில் எழுதியிருந்தால் எங்களில் யாராவது வாசலிலாவது நின்றிருப்பார்களோ என்று சிலவேளை யோசிப்பேன். நின்றிருக்கமாட்டார்கள் என்றும் தெரியும்.

இதையெல்லாம் நான் இவ்வளவு நுணுக்கமாக அறியவேண்டி வந்ததற்குக் காரணம் மச்சான். ஊரில் இருக்கிறார், சிலிண்டர் கட்டி இறங்குகிறார். ஒருநாள் வட்ஸ்அப்பில் அழைத்தார். "நீ அங்க ஒரு கடதாசி எடுத்தியெண்டா நாங்கள் நேரா அனுப்பலாம். நடுவில நிக்கிறவன் எல்லாத்தையும் உறிஞ்சிறான்." நியாயமான கதையாகத்தான் பட்டது. விசாரிப்போம் என்றேன்.

விசாரித்தேன். முதல் கேள்வி, என்ன இனம்? மச்சான் அதிகம் பிடிப்பது வெள்ளை அட்டை. அது சைட்டிஸ் பட்டியலில் இல்லை; நாட்டின் சொந்த விதிகள் போதும். ஆனால் ஒரு மூட்டையில் எல்லாம் கலந்துதான் வருகிறது. அவித்துக் காயவைத்த பிறகு ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தறிவது சுங்க அதிகாரிக்கு மட்டுமல்ல, படித்தவருக்கும் கடினம். பட்டியலில் உள்ளதென்றால் ஏற்றுமதி செய்யும் நாட்டில்தான் பத்திரம் பிறக்க வேண்டும். இலங்கையில் அதைக் கொடுப்பது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். இரண்டு விடயம் நிரூபணமாக வேண்டும்: சட்டப்படி பிடிக்கப்பட்டது, பிடித்ததால் அந்த இனத்தின் இருப்புக்குக் கேடில்லை. இரண்டாவதை விஞ்ஞானிகள்தான் எழுதிக்கொடுக்கலாம், அதற்குக் கடலில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணியிருக்க வேண்டும். பத்திரம் ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது. வணிகத்துக்கென்றால் இங்கே கன்பராவிலும் இறக்குமதி அனுமதி. சட்டம் வருமுன் பிடித்துவைத்த சரக்கென்றால் அதற்கு வேறொரு சான்றிதழ்.

இத்தனையையும் கடக்க அலுவலகம் வேண்டும், முகவர் வேண்டும், மாதக்கணக்கில் சரக்கை அடைத்துவைக்கக் காசு வேண்டும். மச்சானிடம் இருப்பது இறங்குவதற்கான பத்திரம் மட்டும். ஆகவே ஏற்றுமதிப் பத்திரம் யாரிடம் போய்ச் சேரும் என்பது ஆரம்பத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. நடுவில் நிற்பவனை விலக்க நினைத்துப் போன நான், பத்திரம் கூடக்கூட நடுவில் நிற்பவனின் கை ஓங்குவதைத்தான் கண்டேன்.

அதற்காகச் சட்டத்தைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. காரணம் அப்பாவின் வாய். அவருடைய தகப்பன் காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பொறுக்கினார்களாம். அப்பா தொடங்கியபோது மூன்று பாகம். விடும்போது எட்டுப் பாகம். மச்சான் இப்போது சிலிண்டரோடு பதினைந்து பாகத்துக்கு மேல் போகிறார். ஒவ்வொரு பாகமும் மேலே உள்ளது தீர்ந்ததன் அளவுகோல். அட்டைகள் முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடுகின்றன. ஆணும் பெண்ணும் கிட்டக்கிட்ட இல்லாவிட்டால் அவை சேராமலே கரைந்துபோகும். நாலைந்து மிச்சம் விட்டால் போதும், பெருகும் என்ற எங்கள் கணக்கு பிழை. நான் கணக்கு வேலைக்காரன். எனக்கு உறைத்த வசனம் இதுதான்.

இந்தியா வேறு வழி போனது. 1982 இல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த காய்ந்த அட்டையை ஏற்றுமதி செய்யக்கூடாது என்றது. 2001 இல் எல்லாக் கடலட்டைகளையும் வனவிலங்குச் சட்டத்தின் முதலாவது அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் வரிசையில் சேர்த்தது. பத்திரம் என்ற பேச்சே இல்லை. இராமநாதபுரக் கரையில் அட்டை பிடித்துப் பிழைத்தவர்கள் ஒரே ஆணையில் வேட்டைக்காரர்கள் ஆனார்கள். 1974 இலும் 1976 இலும் இரு அரசாங்கங்களும் கடலில் ஒரு கோடு கீறின. கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தால் புலி, இந்தப் பக்கம் கிடந்தால் சரக்கு. அங்கே பிடித்ததை இரவில் இங்கே கொண்டுவந்தால் அதற்கும் ஒரு கடதாசி கிடைத்துவிடும் என்ற ஆசை பிறந்ததில் என்ன ஆச்சரியம்? 2015 முதல் 2020 வரை இரு நாடுகளிலும் பிடிபட்ட அட்டை ஏறத்தாழ 65 தொன் என்று ஒரு கணக்கு வெளிவந்தது. பிடிபடாததை யார் நிறுத்தார்?

மச்சானுக்கு நான் இப்படியெல்லாம் சொல்லவில்லை. சரிவராது என்று மட்டும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அங்க கடையில என்ன விலையெண்டாவது பாத்துச் சொல்லு" என்றார்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு பொக்ஸ் ஹில்லுக்குப் போனேன். அவர் 1999 இல் இங்கே வந்தவர். அவருடைய விசா விண்ணப்பத்துக்குத் தொழிலை நிரூபிக்க ஏதும் உண்டா என்று கேட்டபோது அவரிடம் இருந்தது அந்தப் பழைய கடல் பாஸ் ஒன்றுதான், ஓரமெல்லாம் உப்பில் பொரிந்துபோய். மொழிபெயர்ப்பாளர் கடலட்டையை இரத்தம் குடிக்கும் அட்டை என்று ஆங்கிலத்தில் எழுதிவைக்க, நான் போய்த் திருத்தினேன். அந்தக் கதையைச் சொன்னால் அப்பா இப்போதும் சிரிப்பார்.

சீனக் கடையில் சுவர் முழுக்கக் கண்ணாடிப் போத்தல்கள். கறுப்பு, சாம்பல், முள்ளு வைத்தது, மொழுமொழுவென்றது. கிலோ விலையைப் பார்த்து அப்பா என்னைப் பார்த்தார். மச்சானுக்கு இந்த விலையைச் சொல்வதா விடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரப் பெண் ஒரு போத்தலைத் திறந்து ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அப்பா அதை முகர்ந்தார், திருப்பிப் பார்த்தார், பெருவிரல் நகத்தால் தோலைச் சுரண்டினார். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

"வடிவா மிதிக்கேல்லை" என்றார் என்னிடம் மெதுவாக. அந்தப் பெண்ணுக்குத் தலையாட்டி, அதைப் பத்திரமாகப் போத்தலுக்குள் வைத்துவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.